கதவைத் தட்டப் போனவர்கள்: நகர்ப்புற ஏழைகளிடையே கிறிஸ்தவ மிஷன் பணி, ஓர் எளிய அறிமுகம்

மிஷனரி என்றதும் பலர் மனதில் வருவது கப்பலேறி வெகுதூரம் போன ஒருவரின் உருவம். அவரைப் பற்றிய பேச்சும் பெரும்பாலும் இரண்டே வகைதான். சிலருக்கு அவர் சோற்றைக் காட்டி மதம் மாற்ற வந்தவர். சிலருக்கு அவர் குறையே சொல்லக் கூடாத தியாகி. நகரத்து ஏழைகளிடையே நடந்த மிஷன் வேலையை இந்த இரண்டு படங்களை வைத்துக்கொண்டு பார்த்தால் எதுவும் பிடிபடாது.

லண்டன், கிளாஸ்கோ, பாரிஸ், நியூயார்க் போன்ற ஊர்களில் இந்த மிஷனரிகள் கப்பலேறவில்லை. நாலைந்து தெரு தள்ளி நடந்து போனார்கள், அவ்வளவுதான். அவர்கள் போய்ப் பார்த்த மக்களில் மிகப் பலர் பெயரளவில் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். கைக்குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் பெற்றவர்கள். அப்படியானால் எதற்காகப் போனார்கள்? அங்கே என்ன பார்த்தார்கள்? பார்த்தது அவர்களை என்ன செய்தது? இந்த மூன்றாவது கேள்வியை யாரும் அதிகம் கேட்பதில்லை. எனக்கோ அதுதான் இந்த வரலாற்றின் உயிர்நாடி.

மருத்துவமனை இருக்கிறது, நோயாளி வரவில்லை

ஒரு மருத்துவமனை கட்டியாயிற்று. மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார், கதவும் திறந்தே இருக்கிறது. ஆனாலும் பக்கத்துக் குடிசைகளிலிருந்து யாரும் வருவதில்லை. விசாரித்தால் காரணங்கள் தெரியும்: நுழைவுக் கட்டணம் உண்டு, நல்ல உடை இல்லாமல் போனால் மற்றவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், வேலை முடிகிற நேரத்தில் மருத்துவமனை மூடியிருக்கும். அப்போது என்ன செய்யலாம்? ஒரு செவிலியரை வீடு வீடாக அனுப்பலாம்.

19-ஆம் நூற்றாண்டு நகரங்களில் ஆலயங்களின் நிலையும் இதுதான். 1801-இல் லண்டனில் சுமார் 10 லட்சம் பேர் இருந்தார்கள். 1901-இல் சுற்றுப்புறங்களையும் சேர்த்து 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தொழிற்சாலையையும் துறைமுகத்தையும் நம்பி வந்தவர்கள் ஓர் அறையில் ஒரு குடும்பம், சில இடங்களில் இரண்டு குடும்பம் என்று நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். ஆலயங்களில் வசதியானவர்கள் தங்கள் பெஞ்சுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டி அதைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். இதற்கு இருக்கை வாடகை என்று பெயர். வாடகை கட்ட முடியாதவருக்கு ஓரத்திலோ பின்னாலோ 'ஏழைகளுக்கான இலவச இடம்'. கிழிந்த சட்டையோடு அந்த இடத்தில் போய் உட்கார யாருக்கு மனம் வரும்?

1851 மார்ச் 30-ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எத்தனை பேர் ஆலயத்துக்குப் போனார்கள் என்று அரசே கணக்கெடுத்தது. போகக்கூடிய நிலையில் இருந்தும் போகாதவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று அறிக்கை சொன்னது. நகரத்துத் தொழிலாளர்கள்தான் அதில் பெரும்பகுதி. நாடு அதிர்ந்தது. ஆனால் சேரித் தெருக்களில் ஏற்கெனவே நடந்து திரிந்துகொண்டிருந்த சிலருக்கு அந்தச் செய்தி புதிதல்ல.

தபால்காரருக்கு ஒரு வட்டாரம் போல

அப்படித் திரிந்தவர்களை ஒழுங்காக அமைத்தவர்களில் முக்கியமானவர் டேவிட் நாஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவர் 1826-இல் கிளாஸ்கோவிலும் 1835-இல் லண்டனிலும் 'நகர மிஷன்' தொடங்கினார். ஒரு நகரத்துக்குள்ளேயே, ஆலயம் எட்டாத மக்களிடம் போவதற்கென்று சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் அமைப்புதான் நகர மிஷன். ஒரு சபையைச் சேர்ந்தவர்கள் மட்டும் நடத்தாமல் பல சபையினரும் சேர்ந்து நடத்தினார்கள்.

இது இயங்கிய விதம் மிக எளிது. தபால்காரருக்கு ஒரு வட்டாரம் ஒதுக்குவது போல மிஷனரிக்கும் சில நூறு குடும்பங்கள் உள்ள ஒரு பகுதியை ஒதுக்குவார்கள். அவர் ஒவ்வொரு கதவையும் தட்ட வேண்டும், உள்ளே விட்டால் வேதாகமத்திலிருந்து ஒரு பகுதி வாசிக்க வேண்டும், பேச வேண்டும், ஜெபிக்க வேண்டும். கதவை முகத்தில் அறைந்தால் அடுத்த முறை மறுபடியும் தட்ட வேண்டும். பார்த்ததையெல்லாம் நாட்குறிப்பில் எழுத வேண்டும். இவர்கள் பட்டம் பெற்ற போதகர்கள் அல்ல. பெரும்பாலோர் உழைக்கும் குடும்பங்களிலிருந்து வந்த சாதாரண விசுவாசிகள். அந்தத் தெருவின் பேச்சு அவர்களுக்குப் புரிந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். லண்டன் நகர மிஷன் தன் ஊழியர்கள் காசோ பொருளோ கொடுக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தது. கொடுக்க ஆரம்பித்தால் மக்கள் காசுக்காகவே வரவேற்பார்கள், நட்பு பொய்யாகிவிடும் என்ற பயம். 'சோற்றைக் காட்டினார்கள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்களுக்கு இந்த விதி தெரிந்திருக்காது.

ஆனால் பசியோடு இருக்கிற வீட்டில் வெறும் வசனத்தோடு எத்தனை நாள் உட்கார முடியும்? நாட்குறிப்புகளில் எலி, ஈரச் சுவர், காய்ச்சல், படுக்கை இல்லாத குழந்தைகள் எல்லாம் இடம்பிடிக்கத் தொடங்கின. கந்தல் உடையால் வேறெந்தப் பள்ளியும் சேர்க்காத பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்பித்த 'கந்தல் பள்ளிகள்' இந்த அனுபவத்தின் ஊடாக வளர்ந்தன. அவற்றை ஒருங்கிணைக்க 1844-இல் ஒரு சங்கம் உருவானது. நாடாளுமன்ற உறுப்பினரான ஷாஃப்ட்ஸ்பரி பிரபு அதன் தலைவராக இருந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க அரசு சட்டம் போட்டது 1870-இல்தான்.

தாமஸ் ஜாக்சன் என்ற நகர மிஷனரி திருடர்களிடையே வேலை செய்தவர். 1848-இல் தொழில்முறைத் திருடர்கள் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு, தங்களை வந்து பார்க்கச் சொல்லி ஷாஃப்ட்ஸ்பரிக்குக் கடிதம் அனுப்பினார்கள். அவரும் போனார். நூற்றுக்கணக்கானவர்கள் கூடியிருந்தார்கள். பிழைக்க வேறு வழி வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரும் திருடர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேச முடிந்ததென்றால், அதற்கு முன்னால் யாரோ ஒருவர் பல நாள் அந்தக் கதவுகளைத் தட்டியிருக்கிறார்.

இதுவரை பார்த்தது இதுதான்: ஆலயம் ஏழைக்கு எட்டவில்லை என்பதால் ஆளை அனுப்பினார்கள். ஆன்மாவைத் தேடித்தான் போனார்கள். போன இடத்தில் வயிறும் சுவரும் கண்ணில் பட்டன.

வீதியே மடம்

வீடு தேடிப் போகும் யோசனை இங்கிலாந்தில் பிறந்ததல்ல. 1633-இல் பாரிஸில் வின்சென்ட் தெ பவுலும் லூயிஸ் தெ மரியாக்கும் பெண்களுக்கான ஒரு துறவுக் குழுவைத் தொடங்கினார்கள். அந்நாளில் கன்னியாஸ்திரி என்றால் மடத்துச் சுவருக்குள்தான் இருக்க வேண்டும். இவர்களுக்கோ நோயாளிகளின் வீடுதான் மடம், நகரத்து வீதிதான் மடத்து முற்றம் என்று வின்சென்ட் சொன்னார். இருநூறு ஆண்டுகள் கழித்து, 1833-இல், அதே பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவர் நண்பர்களோடு சேர்ந்து ஏழைகளின் வீடுகளுக்கு நேரில் போகும் சங்கம் தொடங்கினார். அவர்களை எந்தத் தெரு, எந்த வீடு என்று வழிநடத்தியவர் ரோசலி ராண்டு என்ற அருட்சகோதரி. அவர் வின்சென்ட் தொடங்கிய அதே குழுவைச் சேர்ந்தவர்.

லண்டனில் 1857-இல் எலன் ரான்யார்ட் ஒரு படி மேலே போனார். சேரிப் பெண்களிடம் பேச சேரியிலேயே வாழும் பெண்தான் சரி என்று முடிவெடுத்து, அப்படிப்பட்டவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். அவர்கள் வேதாகமப் பெண்கள் என்று அழைக்கப்பட்டார்கள். வேதாகமத்தைச் சும்மா கொடுக்காமல் வாரம் ஒரு பென்னி என்று தவணையில் விற்றார்கள். அதே முறையில் துணியும் படுக்கையும் வாங்க உதவினார்கள், தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சேமித்து வாங்கிய பொருளில் கௌரவம் இருக்கிறது என்பது ரான்யார்டின் எண்ணம். 1868 முதல் அவர்களில் சிலருக்குச் செவிலியர் பயிற்சியும் கிடைத்தது. வீடு தேடி வரும் செவிலியர் என்ற ஏற்பாடு லண்டனில் இப்படித்தான் வேரூன்றியது. முன்பு மருத்துவமனையை ஓர் உவமையாகச் சொன்னேன். இங்கே அது உவமையைத் தாண்டி நிஜமாகவே நடந்துவிட்டது.

விழுந்த குதிரைக்குக் கிடைத்த உரிமை

1865-இல் வில்லியம் பூத்தும் அவர் மனைவி கேத்தரின் பூத்தும் கிழக்கு லண்டனில் ஒரு மிஷன் தொடங்கினார்கள். 1878-இல் அது இரட்சணிய சேனை என்று பெயர் மாறியது. சீருடை, பேண்டு வாத்தியம், தெருமுனைக் கூட்டம் என்று எல்லாமே சத்தமும் வண்ணமும். ஆண்களுக்குச் சமமாகப் பெண்களும் அதிகாரிகளாகிப் பிரசங்கித்தார்கள். கல்லடியும் பட்டார்கள், பொது இடத்தில் கூட்டம் போட்டதற்காகச் சிறைக்கும் போனார்கள்.

ஒரு சின்னத் திருத்தம். லண்டன் வறுமையைத் தெருத் தெருவாக ஆராய்ந்து, எந்தத் தெருவில் எவ்வளவு வறுமை என்று வண்ண வரைபடம் போட்டவர் சார்லஸ் பூத். அவர் வேறு ஆள். பலர் இருவரையும் ஒருவராக்கிவிடுகிறார்கள். சார்லஸ் பூத்தின் கணக்குப்படி லண்டன்வாசிகளில் சுமார் 30 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் குடியோ சோம்பலோ அல்ல. நிலையில்லாத வேலை, குறைந்த கூலி, நோய், பெரிய குடும்பம் ஆகியவைதான்.

வில்லியம் பூத் 1890-இல் எழுதிய ஒரு நூலில் லண்டன் வாடகை வண்டிக் குதிரையை உதாரணம் காட்டுகிறார். வீதியில் குதிரை விழுந்தால், அது ஏன் விழுந்தது, கவனக்குறைவா, முட்டாள்தனமா என்று யாரும் விவாதிப்பதில்லை. முதலில் தூக்கி நிறுத்துகிறார்கள். உயிரோடு இருக்கும்வரை அதற்குத் தீனியும் தங்க இடமும் வேலையும் உண்டு. மனிதனுக்கும் குறைந்தது அவ்வளவாவது வேண்டாமா?

இந்தக் கேள்வி ஏன் அவ்வளவு பெரியது என்பது அந்தக் காலத்து வழக்கம் தெரிந்தால்தான் புரியும். உதவுகிறவர்கள் முதலில் ஏழைகளை இரண்டாகப் பிரித்தார்கள். உழைப்பாளி, குடிக்காதவர், விதியால் வீழ்ந்தவர் 'தகுதியுள்ள ஏழை'. மற்றவரெல்லாம் 'தகுதியற்ற ஏழை'. அவர்களுக்கு அரசின் ஏழை விடுதிதான் கதி. அங்கே கணவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவார்கள். வில்லியம் பூத் அந்தப் பிரிவினையையே தாண்டிப் போனார். விழுந்தவர் யாராக இருந்தாலும் தூக்க வேண்டும் என்றார். சேனை மலிவு உணவும் இரவு தங்குமிடமும் தொடங்கியது. 1890-இல் வேலை தேடித் தரும் நிலையமும் திறந்தது. அரசு அப்படிப்பட்ட நிலையங்களைத் திறக்க இன்னும் 20 ஆண்டுகள் ஆயின.

தாடை எலும்பும் தீக்குச்சியும்

இப்போது இந்த வரலாற்றின் மையத்துக்கு வருகிறோம். உங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடித்து எல்லோருக்கும் வயிற்று வலி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பத்தாவது முறையாக மருந்து கொடுக்கும்போது, கொடுக்கிறவரே குழாயைப் போய்ப் பார்ப்பார்.

அந்நாளைய தீக்குச்சித் தொழிற்சாலைகளில் வெண் பாஸ்பரஸ் பயன்படுத்தினார்கள். அதன் ஆவியில் நாளெல்லாம் வேலை செய்த பெண்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. பல் வலியில் தொடங்கி, முகம் உருக்குலைந்து, சிலர் செத்தும் போனார்கள். சிவப்பு பாஸ்பரஸில் செய்தால் இந்த ஆபத்து இல்லை, கொஞ்சம் விலை கூடும், அவ்வளவுதான். சேனையின் ஆட்கள் இந்தப் பெண்களின் வீடுகளுக்குப் போய் வந்துகொண்டிருந்தவர்கள். 1891-இல் சேனையே கிழக்கு லண்டனில் ஒரு தீக்குச்சித் தொழிற்சாலை திறந்தது. சிவப்பு பாஸ்பரஸ் மட்டும், மற்ற இடங்களைவிடக் கூடுதல் கூலி, வெளிச்சமும் காற்றும் உள்ள கட்டடம். பாதுகாப்பாகவும் தீக்குச்சி செய்யலாம் என்று கண்முன்னே காட்டிவிட்டார்கள். மலிவு விலைப் போட்டியில் அந்த ஆலை பத்தாண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. ஆனால் வெண் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்யும் சட்டம் பிரிட்டனில் 1908-இல் வந்தது.

நியாயமாகச் சொல்வதென்றால், அந்தச் சட்டத்தின் பெருமை சேனைக்கு மட்டும் உரியதல்ல. 1888-இல் தீக்குச்சித் தொழிலாளிப் பெண்களே நடத்திய வேலைநிறுத்தம்தான் ஊரை உலுக்கியது. ஆனால் ஒரு மிஷன் அமைப்பு தீக்குச்சி செய்ய வந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். பாவத்திலிருந்து மனம் திரும்பு என்று சொல்லத் தொடங்கியவர்கள், பாஸ்பரஸின் நிறம் என்ன என்று கேட்கும் இடத்துக்கு வந்திருந்தார்கள். அந்த வீடுகள் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது.

இத்தாலியின் டூரின் நகரில் தொன் போஸ்கோ என்ற குருவானவரிடமும் இதே திருப்பத்தைப் பார்க்கலாம். 1841 முதல் வேலை தேடி நகரத்துக்கு வந்த பையன்களைச் சேர்த்து விளையாட்டும் ஞானோபதேசமும் நடத்தியவர், 1850-களில் முதலாளிகளோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட ஆரம்பித்தார். பையனை அடிக்கக் கூடாது, ஞாயிறு ஓய்வு வேண்டும், தொழிலை ஒழுங்காகக் கற்றுத்தர வேண்டும் என்பதெல்லாம் அதில் நிபந்தனைகள்.

சுருக்கமாக: முதலில் வசனம், பிறகு உணவு, அப்புறம் வேலை, கடைசியில் சட்டமும் கூலியும். எல்லா மிஷன்களும் இந்தக் கடைசிப் படி வரை வரவில்லை. வந்தவர்கள் வசனத்தை விட்டுவிட்டு வரவும் இல்லை.

சோற்றுக்கு நிபந்தனை இருந்ததா?

சில இடங்களில் இருந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. 1840-களின் அயர்லாந்துப் பஞ்சத்தில் சில புராட்டஸ்டன்ட் குழுக்கள் கத்தோலிக்க ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றியதோடு மத போதனையையும் சேர்த்துத் திணித்தன. 'சூப்பு வாங்கியவன்' என்பது அங்கே தலைமுறை தாண்டிய வசைச் சொல்லாகிவிட்டது. அதே பஞ்சத்தில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் எந்த நிபந்தனையும் இல்லாமல் கஞ்சி ஊற்றினார்கள். அவர்களை அயர்லாந்து இன்றும் நன்றியோடு நினைக்கிறது. ஒரே பஞ்சம், ஒரே கஞ்சி. வித்தியாசம் அந்த நிபந்தனையில்தான்.

நகரத்து மிஷன்களில் நிலைமை இந்த இரண்டுக்கும் நடுவில். சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் பிரசங்கம் கேட்க வேண்டிய இடங்கள் இருந்தன. பசித்தவனைக் காக்கவைத்துப் பேசுவது தவறு என்பது என் கருத்து. ஆகவே ஒரு மிஷனைப் பற்றிக் கேள்விப்படும்போது, 'மதம் பேசினார்களா' என்ற கேள்வியைவிட இது உதவும்: வேண்டாம் என்று சொன்னவருக்கு அங்கே என்ன கிடைத்தது?

பிள்ளைகளை ஏற்றிப்போன ரயில்

பெரிய காயம் சோற்றால் ஏற்படவில்லை, பிள்ளைகள் விஷயத்தில் ஏற்பட்டது.

நியூயார்க்கில் சார்லஸ் லோரிங் பிரேஸ் என்ற போதகர் 1853-இல் தெருக் குழந்தைகளுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். நகரம் குழந்தையைக் கெடுக்கிறது, கிராமத்துக் குடும்பம் காப்பாற்றும் என்று அவர் உறுதியாக நம்பினார். 1854 முதல் 1929 வரை இந்தச் சங்கமும் இதைப் பின்பற்றிய மற்ற அமைப்புகளும் சுமார் 2 லட்சம் குழந்தைகளை ரயிலேற்றி மேற்கே அனுப்பின. 'அநாதை ரயில்' என்று பெயர். ஆனால் அவர்களில் பலர் அநாதைகள் அல்ல. தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். வழியில் ஒவ்வொரு ஊரிலும் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டார்கள். சில குழந்தைகளுக்கு அன்பான வீடு கிடைத்தது. சிலர் கூலியில்லா வேலையாள் ஆனார்கள். அண்ணன் ஒரு ஊரில், தங்கை வேறு ஊரில்.

பிரிட்டனிலிருந்து கனடாவுக்கு 1869 முதல் சுமார் 1 லட்சம் பிள்ளைகள் அனுப்பப்பட்டார்கள். கிழக்கு லண்டனில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பசியிலிருந்து காத்த தாமஸ் பர்னார்டோவின் இல்லங்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. பெற்றோர் சம்மதமில்லாமல் குழந்தையை எடுத்துக்கொண்டதும் உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டு, அதை நல்லெண்ணக் கடத்தல் என்ற பொருளில் நியாயப்படுத்தினார். 2010-இல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் இந்தக் குழந்தைகளிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் அவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை.

இந்த மனிதர்களைக் கொடியவர்கள் என்று சொல்லி ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. அவர்கள் தவறு வேறு மாதிரியானது. குழந்தையை நேசித்தார்கள், அதன் தாயை நம்பவில்லை. ஏழைத் தாய் தன் குழந்தைக்கு ஆபத்து என்று முடிவு கட்டிவிட்டார்கள். குழாயைப் பார்ப்பதற்குப் பதில், தண்ணீர் குடித்தவனை வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு போன கதை இது.

போய்த் திரும்பாதவர்கள்

1909 டிசம்பர் 24 அன்று, ஜப்பானின் கோபே நகரில், 21 வயது இறையியல் மாணவர் ககாவா தோயோஹிகோ ஷின்காவா சேரியில் ஒரு சிறு அறைக்குக் குடிபோனார். பகலில் வந்து மாலையில் திரும்பும் ஊழியம் அவருக்குப் போதவில்லை. நோயாளிகளையும் வீடற்றவர்களையும் தன் அறையிலேயே தங்கவைத்தார். அங்கே தொற்றிய கண்நோய் கடைசிவரை அவரை விடவில்லை. சேரிக்குள் வந்து விழுகிறவர்களை எத்தனை பேரைத் தூக்கினாலும், மேலேயிருந்து விழுகிறவர்கள் நிற்கவில்லை என்று கண்டார். 1921-இல் கோபே கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தத்தில் தலைமை தாங்கிக் கைதானார். அதே ஆண்டு அங்கே நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம் உருவாகவும் காரணமானார்.

பிரான்சில் 1940-களில் சில கத்தோலிக்கக் குருக்கள் அங்கியைக் கழற்றிவிட்டுத் தொழிற்சாலையிலும் துறைமுகத்திலும் கூலிவேலைக்குச் சேர்ந்தார்கள். தொழிலாளி-குருக்கள் என்று பெயர். தொழிற்சங்கத்திலும் சேர்ந்து போராடினார்கள். 1954-இல் ரோம் இதை நிறுத்தச் சொன்னது. கீழ்ப்படிவதா, தோழர்களோடு நிற்பதா என்ற வேதனையில் அவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 1965-இல் மறுபடியும் அனுமதி கிடைத்தது.

அனுப்புகிறவரும் அதே தெருவில்

இதுவரை சொன்ன எல்லோரும் வெளியிலிருந்து உள்ளே போனவர்கள், வேதாகமப் பெண்களைத் தவிர. அந்த விதிவிலக்கு 20-ஆம் நூற்றாண்டில் பொதுவழக்கம் ஆனது.

1906-இல் லாஸ் ஏஞ்சலஸின் அசூசா தெருவில், முன்பு ஆலயமாக இருந்து பிறகு குதிரை லாயமாகிப்போன ஒரு கட்டடத்தில் வில்லியம் சீமோர் ஜெபக் கூட்டம் நடத்தத் தொடங்கினார். அவர் அடிமைகளாக இருந்த பெற்றோரின் மகன். அந்தக் கூட்டத்தில் வீட்டு வேலைக்காரப் பெண்களும் கூலிகளும் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். இருக்கை வாடகை இல்லை, நல்ல உடை வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம். பரிசுத்த ஆவியின் அனுபவத்தை முன்னிறுத்தும் பெந்தெகொஸ்தே இயக்கம் உலகமெங்கும் பரவியதற்கு இந்தக் கட்டடம் ஒரு முக்கியத் தொடக்கம். இன்று பிரேசிலிலும் ஆப்பிரிக்காவிலும் பெருநகரச் சேரிகளில் உள்ள சின்னச் சின்னத் தகரக்கூரைச் சபைகளில் பலவற்றுக்கு வெளியிலிருந்து யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. பகலில் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களே மாலையில் அந்தச் சபையைத் திறக்கிறார்கள், பக்கத்து வீட்டு நோயாளிக்குக் காணிக்கை எடுக்கிறார்கள், அடுத்த சந்தில் புதிதாக வந்த குடும்பத்தின் கதவைப் போய்த் தட்டுகிறார்கள்.